காப்பாற்றும் பட்டன்: சிலப்பதிகாரத்தை கேம் ஆக்கப் போன அனுபவம்

"கோவலனைக் காப்பாத்த எந்த பட்டனை அழுத்தணும்?" என்று பெரியம்மா கேட்டார்.

அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விட்டால் ஓடிவிடும் என்பதுபோல மௌஸை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அப்படி ஒரு பட்டன் உண்மையிலேயே இருந்தது. மதுரையில் பொற்கொல்லனைப் பார்க்கும் இடத்தில் இரண்டு தெரிவுகள் வரும்: 'சிலம்பைக் காட்டு', 'திரும்பிப் போ'. இரண்டாவதை அழுத்தினால் கோவலன் இடைச்சேரிக்குத் திரும்பி, மாதரி வீட்டுத் திண்ணையில் கண்ணகியோடு உட்கார்ந்து மோர் குடிப்பான். திரையில் 'வாழ்த்துகள்' என்று வரும். பெரியம்மா பத்தே நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மதுரை எரியலையா?"

"இல்ல பெரியம்மா. அதான் நீங்க காப்பாத்திட்டீங்களே."

"பாண்டியன் 'யானே கள்வன்'னு சொல்லிட்டு விழலையா?"

"இல்ல."

"செங்குட்டுவன் கல்லெடுக்க இமயத்துக்குப் போகலையா? கோயில் கட்டலையா?" கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்புறம் இளங்கோ எதுக்குடா மெனக்கெட்டு எழுதினாரு?"

ஏழு மாத வேலை அந்த ஒரு கேள்வியில் படுத்துவிட்டது.

நான் திருச்சியில் பகலில் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என்னோடு இரண்டு பேர்: ஓவியம் போடும் தோழி ஒருத்தி, இசையமைக்கும் கல்லூரித் தம்பி ஒருவன். மூவருக்கும் சனி, ஞாயிறு மட்டும்தான் சொந்தம். சிலப்பதிகாரத்தை கேம் ஆக்குவது என்று டீக்கடையில் முடிவெடுத்த அன்று, மூவரில் ஒருவரும் அதை முழுதாகப் படித்திருக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் வழக்குரை காதை, பட்டிமன்றத்தில் கண்ணகி, மெரினாவில் சிலை. 'கதைதான் எல்லாருக்கும் தெரியுமே' என்று அந்த மூன்றை வைத்துக்கொண்டு இறங்கினோம். பழைய இலக்கியத்தைத் தொடும் யாருக்கும் முதலில் நான் சொல்வது இதைத்தான்: உங்களுக்குத் தெரிந்திருப்பது கதைச் சுருக்கம். கேமுக்கு வேண்டியவை எல்லாம் சுருக்கத்தில் விட்டுப்போன இடங்களில் கிடக்கின்றன.

3 காண்டம், 30 காதை. புகாருக்கு 10, மதுரைக்கு 13, வஞ்சிக்கு 7. எங்கள் திட்டத்தாளில் காதைக்கு ஒரு லெவல் வீதம் 30 லெவல் இருந்தது. ஏழு மாதத்தில் முடிந்தது மூன்றரை. அந்தக் கணக்கில் எப்போது முடிப்போம் என்று தம்பி கைபேசியில் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை எங்களிடம் காட்டாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்த மூன்றரையில் ஒன்று மாதவியின் அரங்கேற்றம். அதைப் பற்றி மட்டும் இன்றும் வருத்தம் உண்டு. அரங்கேற்று காதையில் இளங்கோ மேடையின் அளவையே கொடுத்திருக்கிறார். 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். புக ஒரு வாயில், புறப்பட ஒரு வாயில். திரைச்சீலையிலும் மூன்று வகை. தோழி அந்த எண்களை அப்படியே எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில் போட்டாள். மேடை எழுந்து நின்றது, ஆனால் முழுக்கத் தூண் நிழல். ஆடுபவள் மேல் கறுப்புப் பட்டை விழுகிறது. விளக்கை இங்கே தள்ளி, அங்கே தள்ளி ஒரு மாலை முழுக்கப் போராடினாள். பிறகு பாட்டில் இரண்டு வரி தள்ளிப் படித்தால், 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து' என்று இருக்கிறது. தூணின் நிழல் அரங்குக்கு வெளியே விழும்படி விளக்கை வை என்கிறார். அப்படியே வைத்தோம். நிழல் வெளியே போனது. நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த மேடையைப் பிற்பாடு வெட்டிவிட்டோம். முகப்புத் திரையில் விளக்கு எரியும் வெற்று அரங்காக மட்டும் இருக்கிறது. யாரும் அதன் அளவைக் கவனித்ததில்லை.

இன்னொன்று மதுரை எரியும் லெவல். இதுதான் எங்கள் துருப்புச் சீட்டு என்று நினைத்திருந்தோம். திரையில் தெருத் தெருவாக நெருப்பை இழுத்துக்கொண்டு போகலாம். நூலில் கண்ணகி தீக்கடவுளிடம் ஒரு பட்டியல் தருகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர்க. கேமுக்கு இதைவிட வாகான விதி உண்டா? இவர்களைத் தொட்டால் புள்ளி குறையும் என்று எழுதினேன். எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனை உட்கார வைத்தோம். இரண்டு தெருவை எரித்துவிட்டுத் திரும்பி, "அண்ணா, எத்தனை பர்சன்ட் எரிஞ்சா லெவல் முடியும்?" என்றான். பாவம், அவன் மேல் தப்பே இல்லை. திரையின் மூலையில் பர்சன்ட் காட்டும் பட்டையை வைத்தது நான்தான். புருஷனைப் பறிகொடுத்தவளின் ஆத்திரத்தை நான் பெட்ரோல் அளவு மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே அந்தக் கோப்புறையை அழித்தேன். தோழிக்குக் காலையில்தான் சொன்னேன். அதற்கு அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால், அழிக்காமல் வேறு பெயரில் ஓரமாக வைத்துவிட்டு மறுநாள் யோசியுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு நிறுவனம் பணம் போட முன்வந்தது. பெயர் வேண்டாம். கேம் இலவசம், ஆனால் கண்ணகிக்கு விதவிதமான சிலம்பு வரைந்து கேமுக்குள் விலைக்கு விற்கலாம் என்றார்கள். சிலம்பு விற்கப் போனவன் கதி என்ன ஆனது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். மரியாதைக்கு டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று விளையாடிப் பார்த்தோம். 2010இல் வந்த 'டான்டேஸ் இன்ஃபெர்னோ', இத்தாலியக் கவிஞன் நரகத்தினூடே நடந்துபோகும் பழைய காவியத்தை எடுத்துக்கொண்டது. காவியத்தில் அவன் பார்ப்பான், கேட்பான், இரக்கம் தாளாமல் மயங்கி விழுவான். கேமில் அவன் கையில் பெரிய அரிவாளைக் கொடுத்து எதிரே வருவதையெல்லாம் வெட்ட விட்டார்கள். வெட்ட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காவியத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு எதை ஒட்டினாலும் அந்த கேம் அப்படியே நிற்கும். எங்கள் நெருப்பு லெவலும் அதே ரகம்.

அதற்கு நேரெதிர், 2014இல் இங்கிள் வெளியிட்ட '80 டேஸ்'. உலகைச் சுற்றுவதாகப் பந்தயம் கட்டிய கனவானாக நம்மை ஆடவிடாமல், அவருடைய வேலையாள் பாஸ்பார்தூவாக ஆடவிடுகிறார்கள். பெட்டி கட்டுவது, வண்டி விசாரிப்பது, முதலாளியின் உடம்பைப் பார்த்துக்கொள்வது, வழி தேர்ந்தெடுப்பது எல்லாம் அவன்தான். கையில் வேலை இருப்பவன் யார் என்று பார்த்து அவனைப் பிடித்திருக்கிறார்கள். 2019இன் 'எல்சினோர்' ஹாம்லெட்டை விட்டுவிட்டு ஒஃபீலியாவைப் பிடித்தது. நான்கு நாள் திரும்பத் திரும்ப வரும், அவள் எல்லாரையும் காப்பாற்ற அலைவாள். 2024இன் 'பிளாக் மித்: வூகாங்' சீனக் குரங்கு வீரனின் பயணக் கதை முடிந்த பிறகு தொடங்குகிறது. மூன்றுமே மூலக் கதையின் முடிவோடு மல்லுக்கட்டாமல், அதற்குப் பக்கத்தில் தங்களுக்கு ஓர் இடம் பார்த்துக்கொண்டவை. எங்களுக்கான இடம் எது என்று தெரியாமல் இருந்தது.

அது பஸ்ஸில் கிடைத்தது. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் சிலப்பதிகாரம், முதல் தடவையாக வரிசையாக. விராலிமலை தாண்டிக் கொடும்பாளூர் நெருங்கும்போது காடுகாண் காதை படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் வருகிற 'கொடும்பை நெடுங்குளம்' இந்தக் கொடும்பாளூர்ப் பக்கம்தான் என்பார்கள். அங்கே போனால் சிவனுடைய சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையவன் ஒருவன் கோவலனிடம் சொல்கிறான். வலப்பக்க வழி வறண்டது, ஓமையும் உழிஞ்சிலும் மூங்கிலும் காய்ந்து நிற்கும், போகப் போகச் சிறுமலை. இடப்பக்க வழி வயலும் பொழிலுமாகப் போய்த் திருமால் குன்றத்தைத் தொடும். நடுவழி நேரே மதுரைக்கு, ஆனால் அதில் ஒரு கானுறை தெய்வம் ஆளை மயக்கும்.

நான் பஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். நால்வழிச் சாலையும் டோல்கேட் அறிவிப்பும். கையில் இருந்ததோ வழித்தெரிவுத் திரை. ஈராயிரம் வருஷத்துக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். எவ்வளவு பழசானாலும், இவ்வளவு துல்லியமாக ஒரு லெவல் வரைபடம் எழுதியவரை நான் படித்ததில்லை.

இனி வருவதுதான் என்னை மாற்றியது. இடப்பக்க வழியில் ஒரு பிலம் இருக்கிறதாம், அதாவது குகை. அதற்குள் மூன்று குளங்கள்: புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. முதலாவதில் மூழ்கினால் ஐந்திரம் என்ற இலக்கண நூலின் அறிவு வரும். இரண்டாவதில் முற்பிறப்பு தெரியும். மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். வழியில் வரோத்தமை என்ற தெய்வப்பெண் கேள்வி கேட்பாள், பதில் சொன்னால் கதவு திறப்பாள். கேம் விளையாடிய எவருக்கும் இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தங்கத் தட்டில் வைத்துத் தரப்படும் கிளைப்பயணம். யாராக இருந்தாலும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள்.

கவுந்தியடிகள் வேண்டாம் என்கிறார். சமணத் துறவி. கோவலனையும் கண்ணகியையும் கூட்டிக்கொண்டு நடந்தே மதுரைக்கு வருகிறவர். ஐந்திரம் எங்கள் அருகன் நூலிலேயே இருக்கிறது, போன பிறவியில் செய்தது இந்தப் பிறவியிலேயே தெரிகிறதே, பொய் சொல்லாமல் உயிரைக் காப்பவர்க்கு எந்தப் பொருள் கிடைக்காது? நீ விரும்பும் தெய்வத்தைக் கும்பிட நீ போ, நாங்கள் எங்கள் வழியில் போகிறோம். அவ்வளவுதான். ஒருவர் காலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு மூன்று மந்திரக் குளத்தை மறுத்துவிட்டு நடக்கிறார்.

கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தபடியே இருவருக்கும் செய்தி அனுப்பினேன்: நாடுகாண் காதையில் தொடங்குகிறோம், புறஞ்சேரி இறுத்த காதையில் நிறுத்துகிறோம். புகாரும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். நடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நடுவில் வரும் வேட்டுவ வரியையும் தாண்டிவிட்டோம். அது தனி கேமையே தாங்கும்.

யாராக ஆடுவது? ஊரில் இருக்கும் கோவலனை எனக்குப் பிடிக்காது. வழியில் இருக்கும் கோவலன் வேறு ஆள். வழி கேட்பது, தண்ணீர் தேடுவது, வெயிலில் இவள் நடக்கமாட்டாள், நிலா வெளிச்சத்தில் போகலாம் என்று ஏற்பாடு செய்வது எல்லாம் அவன்தான். கையில் வேலை இருக்கிறது. அவனையே எடுத்தோம்.

வேலை என்றதும் இன்னொன்று. கேமுக்கு எடுக்க வேண்டியது கதையின் வினைச்சொற்கள் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் நூலில் அவை 'நட', 'கேள்', 'கொண்டு வா'. முதல் திட்டத்தில் 'எரி', 'பேசு', 'தேர்ந்தெடு' என்று இருந்தன, அவற்றில் கடைசியை இளங்கோ எங்கேயும் எழுதவே இல்லை. உங்கள் நூலில் ஒரு காதையை எடுத்து, பெயர்ச்சொற்களை எல்லாம் அடித்துவிட்டு வினைகளை மட்டும் தாளில் எழுதிப் பாருங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். ஏழு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஞாயிறு.

'நட' என்பதற்கு நூலே விதி வைத்திருந்தது. நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் வழியின் ஆபத்துகளை அடுக்குகிறார். அதில் ஒன்று, நீர்க்கரையில் நடக்கும்போது 'பொறிமாண் அலவனும் நந்தும்' காலில் மிதிபட்டு நோகும், அந்தத் துன்பம் நம்மால் தாங்க முடியாதது என்பது. அலவன் நண்டு, நந்து நத்தை. 1985இல் சூப்பர் மாரியோ வந்ததிலிருந்து எதிரே ஊர்ந்து வருவதன் தலையில் குதித்துப் பழகியவை நம் கால்கள். எங்கள் கேமில் நத்தையை மிதித்தால் உயிர் போகாது, புள்ளி குறையாது. கவுந்தி நின்றுவிடுவார். மயிற்பீலியால் அந்த இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். நீங்களும் நிற்க வேண்டும். நான்கு முறை மிதித்தவர்கள் ஐந்தாவது முறை தாங்களாகவே மெதுவாக நடந்தார்கள். விளக்கக் குறிப்பு ஒன்றும் வைக்கவில்லை.

தூரத்தைக் காட்டும் எண்ணையும் எடுத்துவிட்டோம். புகாரிலிருந்து ஒரு காதம் வந்ததுமே கண்ணகிக்குக் கால் நோகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே 'ஆறைங் காதம்' என்கிறான், பக்கம்தான் என்று சேர்த்துக்கொள்கிறான். ஆறு ஐந்து முப்பது. ஆனால் காதில் விழும்போது ஐந்தாறு காதம்போலவும் விழும். மனைவியிடம் முப்பது என்று சொல்ல வாய் வராதவன் வாய்ப்பாட்டில் ஒளித்துச் சொல்கிறான். எங்கள் திரையின் மூலையில் முதலில் '30, 29, 28' என்று குறைந்துகொண்டு வரும். இப்போது கண்ணகியைத் தொட்டால் அவள் கேட்பாள், அவன் அதே பதிலைச் சொல்வான். எங்கே நின்று கேட்டாலும் ஆறைங் காதம்தான்.

மூன்று வழிக்கு வருவோம். இடப்பக்கம் திரும்பலாமா? திரும்பலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கவுந்தி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார், கண்ணகி பக்கத்தில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நீங்கள் தனியாக நடக்கலாம். வயல், தவளைச் சத்தம், தூரத்தில் மலை. நடக்க நடக்க அவர்கள் இருவரும் பின்னால் புள்ளியாகிவிடுவார்கள். குளம் வராது. நூலிலும் குளத்தை யாரும் பார்க்கவில்லை, ஒருவன் சொல்லக் கேட்டதுதான். இதற்கு எங்களுக்கு விழுந்த திட்டு கொஞ்சம் இல்லை. 'குளத்தை வரையச் சோம்பல்பட்டு ஏமாற்றிவிட்டீர்கள்' என்றார் ஒருவர். சோம்பலும் ஓரளவு உண்மைதான்.

ஒரு கெட்டிக்காரர் வேறு மாதிரி யோசித்தார். தாமதமாகப் போனால் பொற்கொல்லன் கண்ணில் படாமல் தப்பலாமே என்று மரத்தடியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அதற்கும் இளங்கோ வழி அடைத்து வைத்திருக்கிறார். ஆடி மாதம், தேய்பிறை, கார்த்திகை சேர்ந்த அட்டமி, வெள்ளிக்கிழமை, அன்று மதுரைக்கும் அரசுக்கும் கேடு வரும் என்ற சொல் முன்பே இருந்தது என்று மதுராபதித் தெய்வம் பிறகு சொல்கிறாள். நாள் குறித்தாகிவிட்டது. நீங்கள் எவ்வளவு உட்கார்ந்தாலும் அந்த நாளுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். நிரல் எழுதுபவனுக்கு இது பெரிய வரம்: நேரக் கணக்கே வேண்டாம், தேதியை எங்கேயும் காட்டாமல் விட்டால் போதும்.

நடுவழியில் ஒரு காட்சி இருக்கிறது, அதில்தான் நாங்கள் நான்கு மாதம் கிடந்தோம். கோவலன் தாகத்துக்கு ஒரு பொய்கைக்குப் போகிறான். மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வனதெய்வம் வந்து காலில் விழுந்து அழுகிறது. இந்தக் காட்டில் மயக்கும் தெய்வம் உண்டு என்று கேட்டது நினைவு வந்து, அவன் கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். அது தன்னைக் காட்டிக்கொண்டு, கண்ணகிக்கும் கவுந்திக்கும் இதைச் சொல்லாமல் போ என்று கேட்டுக்கொண்டு மறைகிறது. பிறகு ஒரு வரி: 'தாமரைப் பாசடைத் தண்ணீர் கொணர்ந்து'. தாமரை இலையில் தண்ணீர் எடுத்து வந்து கண்ணகிக்குக் கொடுக்கிறான்.

முதலில் மந்திரம் சொல்லும் இடத்தைப் பெரிதாகச் செய்திருந்தோம். எழுத்துகள் பறக்கும், சரியான வரிசையில் பிடிக்க வேண்டும். தம்பி அதற்கு உடுக்கை வைத்துப் பிரமாதமாக இசை போட்டான். ஆடியவர்கள் எல்லாரும் அதைப் பாராட்டினார்கள், அடுத்த நிமிடம் மறந்தார்கள். ஒருநாள் தோழி கேட்டாள்: "தாமரை இலையில தண்ணி எப்படிடா தூக்கிட்டு வந்தான்? ஒட்டாதே." நல்ல கேள்வி. இலையைக் குழித்துப் பிடிக்க வேண்டும். நடந்தால் அலம்பும். மந்திரத்தை ஒரே தொடுகையாகச் சுருக்கிவிட்டு, தண்ணீர் சுமந்து வருவதை ஆட்டமாக்கினோம். மௌஸ் கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீர் முத்து முத்தாக ஓடும். வேகமாக வந்தால் பாதி தரையில். கண்ணகியிடம் நீட்டும்போது 'சொல்', 'சொல்லாதே' என்று இரண்டு பட்டன் வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து இரண்டையும் எடுத்தோம். கையில் இலை இருக்கும்போது யாருக்கும் பட்டன் மேல் கண் போகவில்லை. இப்போது அவள் குடிப்பாள், அவன் பேசமாட்டான், அவ்வளவுதான் காட்சி. சிந்தியவர்கள் திரும்பப் பொய்கைக்குப் போகிறார்கள். அங்கே அழுவதற்கு இப்போது யாரும் இல்லை.

தொழில்நுட்பம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம். முதலில் யூனிட்டி என்ற எஞ்சினில் தொடங்கினோம். அப்போது அதன் எழுத்துக் கருவிக்குத் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. 'கொடும்பை' என்றால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றி ஒப்பேற்றும் குறுக்குவழிகள் உண்டு. செய்தோம், பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் அழுதோம். 2023இல் கோடோ 4 என்ற இன்னொரு எஞ்சின் வந்தபோது அதற்கு மாறினோம். இந்த வரிசையில் தமிழ் தானாகவே சரியாக வருகிறது. எந்த எஞ்சினாக இருந்தாலும் முதல் நாளே 'கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ' என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். சரியாக வந்தால் மட்டும் மேலே போங்கள்.

அடுத்த சிக்கல், எழுத்து எழுத்தாக வசனம் ஓடுவது. ஆங்கில கேம்களில் பார்த்துப் பழகியது. தமிழில் என்ன ஆகிறது தெரியுமா? 'கண்ணகி' வரும்போது க, கண, கண், கண்ண, கண்ணக, கண்ணகி என்று ஆறு குதி குதித்தது. புள்ளியும் கொக்கியும் தனியே வந்து விழுந்தன. சேர்ந்த வடிவத்தை எண்ணும்படி கோடோவில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் குதிப்பது நின்றது. ஆனாலும் பாட்டு வரிகள் தந்தி அடிப்பதுபோலவே இருந்தன. பெரியம்மாதான் சொன்னார், "ஆசிரியப்பாடா இது. சீர் சீரா வரவேண்டாமா?" அடிக்கு நான்கு சீர். நான்கு தவணையாக வரவிட்டதும் வரி மூச்சுவிட ஆரம்பித்தது. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது: படிக்க எளிதாகச் சந்தி பிரித்த பாடத்தை எடுத்திருந்தால் சீர் கணக்கு தப்பும். 'ஆறைங் காதநம் மகனாட் டும்பர்' என்பது நான்கு சீர். பிரித்து எழுதினால் 'ஆறைங் காதம் நம் அகல் நாட்டு உம்பர்' என்று ஆறு துண்டு. எனவே திரையில் மூலப் பாடம் ஓடி முடிந்து நின்ற பிறகு, அதே இடத்தில் பிரித்த வடிவம் மெல்ல வரும்.

பாட்டு வரி மொத்தக் கேமுக்கும் பதினெட்டுதான். மற்றதெல்லாம் நாங்கள் எழுதிய எளிய உரைநடை. அதிலும் ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். உ.வே.சா. 1892இல் பதிப்பித்த நூல், பழைய அரும்பதவுரை, அடியார்க்கு நல்லார் உரை எல்லாம் யாரும் எடுத்தாளலாம். ஆனால் என் வசனத்தில் இருந்த இரண்டு வாக்கியத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "இது நான் பாடம் நடத்தின உரையாசிரியரோட நடையாச்சே" என்றார். படித்ததை என்னுடையது என்று நினைத்து எழுதியிருக்கிறேன். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு, நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் மட்டும் விதிவிலக்கு. இரண்டையும் எடுத்துவிட்டு, எல்லா வசனத்தையும் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு மறுபடி எழுதினேன். நன்றாகவே வந்தது.

சோதனைக்கு எப்போதும் இரண்டு வகை ஆள் வேண்டும், நூலை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர், கோவலன் யார் என்றே தெரியாத ஒருவர். நடுவில் இருப்பவர்கள், அதாவது எங்களை மாதிரி அரைகுறையாகத் தெரிந்தவர்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், பயனில்லை.

முடிவு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. வையையைத் தாண்டுகிறார்கள். குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் வைத்த ஓடங்கள் ஓடும் பெருந்துறையை விட்டுவிட்டு, ஒரு மரப்புணையில் மூன்று பேரும். அக்கரையில் மதுரை மதில். அதன் மேல் கொடிகள், 'வாரல் என்பன போல் மறித்துக் கை காட்ட' என்கிறது நூல். வராதே, வராதே என்று கொடி கை காட்டுகிறது. தோழி அந்தக் கொடியை மட்டும் பதினாறு தடவை வரைந்தாள். திரையில் ஒரே ஒரு பட்டன்: 'போ'. அழுத்தினால் கோவலன் நான்கு அடி வைப்பான், கேம் முடியும். பொற்கொல்லனும் இல்லை, மன்னனும் இல்லை.

வெளியிடுவதற்கு முந்தின வாரம் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை தனியாக ஆடுகிறேன், நீ போ என்றார். ராத்திரி பத்து மணிக்குப் போன்.

"தண்ணியை மூணு தடவை கொட்டிட்டேன். நாலாவதுல கொண்டாந்துட்டேன்."

"நல்லது பெரியம்மா. முடிச்சிட்டீங்களா?"

"கொடி வரைக்கும் வந்தாச்சு."

"அதான் கடைசி. 'போ'ன்னு ஒண்ணு இருக்கும், அழுத்துங்க."

"பாத்தேன், பாத்தேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "நான் கம்ப்யூட்டரை அணைச்சிட்டேன்டா."